ஒரு பேச்சுக்கு ஓடும் வண்டி

உலகத்தில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, காரில் ஏறி உட்கார்ந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பாவம், சாதாரண மனிதர்கள். இன்னொரு வகை காரைச் சுற்றி நின்றுகொண்டு பேசும். நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். சந்தேகமாக இருந்தால் விடுமுறை நாளில் காலையில் எட்டிப் பாருங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, இடுப்பில் கைவைத்து, நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மாதிரி நாலு பேர் குனிந்து நிற்பார்கள். ஒருவர் "ம்ம்" என்பார். இன்னொருவர் "அதேதான்" என்பார். எதுதான் அதேதான்? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும்.

எனக்கு இந்த இனத்தோடு பழக்கம் ஏற்பட்டது என் மகளைக் கட்டிக்கொடுத்த வகையில். மாப்பிள்ளை தங்கமானவர். இல்லையென்று யார் சொன்னது? குடி கிடையாது, சீட்டு கிடையாது, என்னை ஒரு நாளும் எதிர்த்துப் பேசினதில்லை. வண்டி மட்டும்தான். அவரோடு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா, 'டர்போ' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். இன்னொருவர் பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்ப்பது தொழில் அல்லவா, பானெட்டையும் அதே முகத்தோடுதான் பார்ப்பார். "ரொம்ப நாளா கவனிக்காம விட்டிருக்கீங்க" என்பார்.

இவர்களுக்கு முதல் எதிரி காற்று. நாமெல்லாம் காற்று வந்தால் அப்பாடா என்று உட்காருகிறோம். இவர்களுக்குக் காற்று என்றால் பங்காளிச் சண்டை. காரின் மூக்கில் காற்று மோதுகிறதாம், பக்கத்தில் சுழல்கிறதாம், பின்னால் பிடித்து இழுக்கிறதாம். அதற்காக முன்னால் ஒரு தாடை, பக்கவாட்டில் ஒரு பாவாடை, பின்னால் ஒரு றெக்கை. எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி வெகுநாளாகக் கிறீச் கிறீச்சென்று கத்துகிறது. அந்தக் காற்றைப் பற்றி இதுவரை ஒரு கூட்டமும் நடக்கவில்லை.

றெக்கை வந்து இறங்கிய அன்று நான் பொறுக்காமல் கேட்டேன்.

"எதுக்கு மாப்பிள்ளை றெக்கை? பறக்கப் போகுதா?"

"பறக்காம இருக்கத்தான் அத்தை. நூத்திநாப்பதுக்கு மேல போனா வண்டி தூக்கும். இது தரையோட அமுக்கிப் பிடிச்சுக்கும்."

"நம்ம தெருவுல நூத்திநாப்பதா?"

"ஒரு பேச்சுக்கு அத்தை."

பறவை பறப்பதற்கு றெக்கை வைத்திருக்கிறது. இவர் பறக்காமலிருக்க வைத்தார். போகட்டும். ஆனால் அந்த 'ஒரு பேச்சுக்கு' என்பதைக் கவனித்தீர்களா? அதுதான் இந்த இனத்தின் உயிர்நாடி. ஒரு பேச்சுக்கு மலைப்பாதையில் போனால், ஒரு பேச்சுக்கு எதிர்க்காற்று அடித்தால், ஒரு பேச்சுக்குப் பின்னால் ஒருத்தன் பந்தயத்துக்கு வந்தால். இவர்கள் வண்டி பெட்ரோலில் ஓடுவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பேச்சுக்குத்தான் ஓடுகிறது.

அடுத்தது குதிரை. இஞ்சினுக்குள் நூற்றெண்பது குதிரை இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் தெருவில் அவை சைக்கிளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. அப்புறம் சத்தம். புகைக்குழாயை மாற்றிவிட்டு, "முன்னாடி இருந்த சத்தம் வேற, இப்ப வேற, கேளுங்க" என்று வீட்டில் எல்லோரையும் வெளியே கூப்பிடுவார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே எடை. எடையைக் குறைத்தால் வேகம் கூடுமாம். அதற்காகப் பின்சீட்டைக் கழற்றிப் படுக்கையறையில் போட்டார். மாற்றுச் சக்கரம் அலமாரிக்குப் பின்னால் போனது. கார் எடை குறைந்தது, வீடு எடை கூடியது. பின்சீட்டில்தான் நான் உட்காருவேன். அதற்காக நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். சரி, கோபித்துக்கொண்டேன்தான். அதற்கென்ன?

கடைசியாக, ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு இறக்கினார். காரின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பூனை படுக்கப் பார்த்துவிட்டு, முடியாமல் திரும்பிப் போனது. டர்போவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் அண்ணே நிற்கிற அழகு" என்றார். நிற்கிற அழகுதான். அதில் எனக்கும் சந்தேகமில்லை.

இந்த நேரத்தில்தான் என் மகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் படித்த படிப்பு. பிள்ளை பெற்று, அது பள்ளிக்கூடம் போகிறவரை காத்திருந்து, பழைய புத்தகங்களைத் திரும்ப எடுத்து, அடுப்படியில் நின்றபடியே வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாள். இருந்தது ஒரே இடம். பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. எட்டு மணி பஸ்ஸில் போகிறேன் என்று கிளம்பினாள்.

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "வீட்ல இப்படி ஒரு வண்டி நிற்க, நீ பஸ்ல போவியா? ஒன்பதரைக்குக் கிளம்பினாப் போதும். நிமிஷத்துல கொண்டுபோய் விடுறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பஸ்ஸிலேயே போ என்று நான் கண்ணைக் காட்டினேன். புருஷன் ஆசையாகச் சொல்கிறாரே என்று அவள் தங்கிவிட்டாள்.

ஒன்பதரைக்குக் கிளம்பினார்கள். தெருக்கோடிவரை கார் கம்பீரமாகத்தான் போனது. அங்கே பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. எல்லா வண்டியும் ஏறி இறங்குகிற, மாவு வண்டிக்காரர் கூட ஒரு உந்து உந்தித் தாண்டிப் போகிற வேகத்தடை. முன்சக்கரம் ஏறியது. 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். கார் அதன்மேல் அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டது. அவர் மெல்லப் பின்னுக்கு இறக்கினார். மறுபடி ஏற்றினார். மறுபடி 'கர்ர்ர்'.

நான் போய்ச் சேருவதற்குள் கூட்டாளிகள் வந்து குனிந்துவிட்டார்கள். இவர்களுக்கு யார் தகவல் சொல்கிறார்களோ!

"சாய்ச்சு ஏத்துங்கண்ணே, கோணம்தான் முக்கியம்" என்றார் டர்போ.

"அவசரப்படக் கூடாது. வலி எங்கேன்னு மொதல்ல பார்ப்போம்" என்றார் பல் டாக்டர்.

"ஏங்க, நேரமாகுது" என்றாள் என் மகள், சான்றிதழ்ப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம்மா. ஒரு விரல்கடை உசரம்தான் இடிக்குது. எடை கொஞ்சம் குறைஞ்சா ஏறிடும்."

"எந்த எடை?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

இறங்கினாள். புதுச் செருப்போடு ஓரமாக நின்றாள். மாப்பிள்ளை காரைச் சாய்த்து ஏற்றினார். முன்சக்கரம் தாண்டியது, வயிறு தாண்டியது, பின்சக்கரமும் தாண்டியது. உரசவே இல்லை! டர்போ விசிலடித்தார். பல் டாக்டர் கைதட்டினார். மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, அந்தச் சந்தோஷத்திலேயே இஞ்சினை ஓர் உறுமல் உறுமவிட்டு, முனை திரும்பிப் போயே போய்விட்டார்.

என் மகள் அங்கேயே நின்றாள்.

திரும்பி வருவார் என்று கொஞ்சம் பார்த்தாள். பிறகு பெரிய ரோட்டுக்கு ஓடினாள். ஒரு பஸ் வந்தது. செங்கல்லைப் போல முன்பக்கம் தட்டையாக, காற்றை முகத்தால் முட்டிக்கொண்டு, தாடை, பாவாடை, றெக்கை எதுவும் இல்லாமல் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை ஊர் சுற்றி வந்தபோது மணி பதினொன்று. முகமெல்லாம் பூரிப்பு.

"அத்தை, பார்த்தீங்களா? தொடவே இல்ல!"

"அவ எங்க மாப்பிள்ளை?"

பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அதானே..." என்றார் மெல்ல. "வண்டி என்ன இவ்வளவு லேசாப் போகுதுன்னு பார்த்தேன்."

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. வருத்தம்தான், நிஜமான வருத்தம், நான் பொய் சொல்லமாட்டேன். சாயங்காலம் அவள் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே தினம் நானே கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

"வேண்டாங்க. எடை கூடிடும்" என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம். நமக்கென்ன, இது யாரோ ஒரு மாப்பிள்ளை கதை என்று. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், மனசறிந்து சொல்லுங்கள். கார் வேகத்தடையில் உட்கார்ந்தபோது உங்கள் மனசு எங்கே போனது? 'ஸ்பிரிங்கை வெட்டியிருக்கக் கூடாது, வேறு செட்டே மாட்டியிருக்கணும்' என்று உள்ளே ஒரு குரல் சொன்னதா, இல்லையா? என் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா என்று இந்த நிமிஷம்வரை நீங்கள் கேட்கவே இல்லையே!

கிடைத்தது, தேர்வு வைக்கிறவர் அன்று அவளுக்கும் பின்னால்தான் வந்தாராம். நீங்கள் முதலில் உங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள்.