மேல்படி ராணி

கொலுவின் மேல்படியில், அட்டையில் வெட்டி நிறுத்திய அரக்கர் ராணி நெற்றியில் குங்குமத்தோடு நிற்பதைப் பார்த்ததும் மஹதி கத்தினாள்.

"அம்மா! இதை யாரு இங்க வச்சது?"

"நான்தான். உன் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. துர்க்கையைப் போய் தூசியில போடுவியா? சிங்கம்தான் கொஞ்சம் பல்லி மாதிரி இருக்கு."

ராணியின் பக்கத்தில் நின்றது சிங்கமில்லை, டிராகன். அவள் துர்க்கையுமில்லை. மஹதி விளையாடும் கேமில் வரும் வில்லி. நான்கு கை, நான்கு வாள். முகம் மட்டும் ரத்னா ஆன்ட்டியுடையது. தூக்கிய ஒற்றைப் புருவம், மோவாயில் மச்சம், வைர மூக்குத்தி.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் ஆன்ட்டி சொன்ன வார்த்தைக்குப் பழிவாங்கத்தான் வரைந்தாள். "படம் வரையறதெல்லாம் பொண்ணுக்கு கல்யாணம் பேசறப்போ சொல்லிக்கலாம். அதுவும் வசதியானவங்களுக்கு. ரானுயி மாதிரி ஏரியாவுல, வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு இதெல்லாம் எதுக்கு?"

படத்தை நெட்டில் போட்டபோது ரசித்தது ஒரே ஒரு ஆள். 'களைத்த டிராகன்' என்று பெயர். 'ராணியின் புருவம் பிரமாதம். டிராகன்தான் பாவம், நின்றுகொண்டே இருக்கிறது. ஒரு நாற்காலி போடக்கூடாதா?' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

இப்போது அதே ஆன்ட்டி, பணக்காரர்கள் இருக்கும் ஆல்பனி பக்கமிருந்து தாம்பூலம் வாங்க வந்துகொண்டிருந்தார். அவர் கணவர் தண்டபாணியின் கம்பெனியில்தான் அப்பாவுக்கு வேலை. குடும்பத்தின் விசாவே அந்த வேலையை நம்பித்தான்.

"எடுத்துடறேன்மா."

"கலசம் வச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் ஒரு பொம்மையும் நகரக்கூடாது. கைய வச்சே, பாரு!"

மஹதி மச்சத்தின் மேல் சந்தனம் அப்பினாள். புருவம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மோவாய் வரை மாலை போட்டாள். கண்ணும் மூக்குத்தியும் மட்டும் மிஞ்சி, ஆன்ட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது. சீரியல் லைட்டை அணைத்தாள்.

"பொண்ணுக்கு பக்தி வந்துடுச்சு" என்று அம்மா பூரித்துப்போய், ராணியின் முகத்துக்கு நேரே ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள்.

வாசல் மணி அடித்தது.

"ஏங்க, பையைப் பிடிங்க. சோஃபாவுல நான் உட்காரணும், புடவை கசங்கும். நீங்க அப்படி ஓரமா நில்லுங்க" என்றபடி ரத்னா நுழைந்தார். தண்டபாணி இரண்டு பைகளோடு சுவரோரம் நின்றார். நின்று பழகிய நிற்பு.

ரத்னாவின் பார்வை மேல்படிக்குப் போனது.

"யார் வரைஞ்சது இது?"

"நம்ம மஹதிதான்!" என்றாள் அம்மா, பெருமையாக.

ஆன்ட்டியின் ஒற்றைப் புருவம் உயர்ந்தது. அட்டையிலும் அதே புருவம். மஹதி மனசுக்குள் பெட்டியெல்லாம் கட்டி, சென்னை ஃபிளைட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஆன்ட்டி கை கூப்பினார்.

"என்ன களை! தினமும் பார்க்கிற முகம் மாதிரி இருக்கு. பொம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும். சாந்தமா, அடக்கமா! ஏங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆமாம்மா" என்றார் தண்டபாணி. அவர் கண் ராணியின் மேல் இல்லை.

"அந்தப் பல்லியை மட்டும் வெட்டி எடுத்துடு மஹதி. அசிங்கமா இருக்கு."

தாம்பூலமும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஆன்ட்டி காருக்குப் போனார். வழியனுப்ப மஹதி வாசலுக்கு வந்தாள்.

வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த தண்டபாணி, நிமிராமலேயே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அடுத்த படத்துலயாவது அந்த டிராகனுக்கு ஒரு நாற்காலி போடும்மா."