டாக்டர் அறை வாசலில் காணாமல் போன இடது செருப்பு

சன்னிவேல்,
மார்ச் 9

அன்புத் தங்கை வசந்தாமணிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இதை இரண்டு முறை படித்துக்கொள், ஏனென்றால் என் மகன் கதிர் உனக்கு ஃபோனில் வேறு மாதிரி சொல்லியிருப்பான். உன் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கும் என நம்புகிறேன்.

அடுத்த மாதம் நான் தனியாகக் கோயம்புத்தூருக்கு விமானம் ஏறுவதென்றால் நரம்பு டாக்டரின் கடிதம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். குளியலறையில் ஒரே ஒரு தடவை சறுக்கியதற்கு இந்த அமர்க்களம். சரியென்று நேற்று அவனோடு போனேன். அறை வாசலில், நம் வழக்கப்படி, குனியாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

டாக்டரம்மாள் நரைத்த தலைக்காரி, அமெரிக்கப் பெண்மணி. தன் விரலை நீட்டி, அதைத் தொட்டுவிட்டு என் மூக்கைத் தொடச் சொன்னாள். ஒரு பிசகில்லாமல் தொட்டேன். அடுத்து இடது கையால் தொடு என்றாள். படித்த மனுஷியை இடது கையால் தொடுவேனா? வலது கையாலேயே தொட்டேன். மறுபடி சொன்னாள். மறுபடியும் வலது கைதான்.

"அம்மா, லெஃப்ட் ஹேண்டும்மா! டெஸ்ட் பண்றாங்க!"

"எனக்கு இங்கிலீஷ் புரியுதுடா. மரியாதையும் தெரியுது."

பிறகு ஒரு குதிகாலை மறு காலின் முழங்காலில் வைத்துக் கீழே இழுக்கச் சொன்னாள். இழுத்தேன், பாதம் அவள்மேல் பட்டுவிட்டது. பதறிப்போய் அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் என் பாதத்தைப் பிடித்தாள், நான் வெடுக்கென்று இழுத்தேன், திரும்பவும் பட்டது, திரும்பவும் ஒற்றிக்கொண்டேன். நான்கு தடவை! "இந்தக் கை அசைவு எவ்வளவு நாளாக இருக்கிறது?" என்று என்னை விட்டுவிட்டுக் கதிரிடம் கேட்கிறாள். அவன் சிரிக்கிறான், பாவி.

பாதங்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நின்றால் ஆடுகிறேனாம். கான்வென்டில் தலையில் அகராதியை வைத்து நடந்தவள் நான்! விழப்போகிறாள் என்று பின்னால் ஒருத்தி கையை விரித்துக்கொண்டு காத்திருந்தால் யாருக்குத்தான் ஆடாது? அப்புறம் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் ஊசியால் தொட்டாள். எப்போது குத்துகிறது, எப்போது இல்லை என்று அத்தனையும் சரியாகச் சொன்னேன். இருந்தும் சந்தேகமாம். இன்னொரு பரிசோதனை முடியும்வரை கடிதம் கிடையாதாம்.

வெளியே வந்தால் வாசலில் வலது செருப்பு மட்டும் இருக்கிறது! வரவேற்பில் ஷ்ரேயா என்று ஒரு பெண்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு செருப்ப யார் எடுப்பாங்க?"

"அதத்தாம்மா நானும் உன்னக் கேக்கறேன்."

செருப்பைக் காப்பாற்றத் தெரியாத ஆஸ்பத்திரி என் நரம்பைப் பற்றிப் பேசுகிறது! இரண்டு பக்கம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். நீ எதையும் நம்பாதே. மாடி அறையைத் தூசி தட்டி வை, சொன்ன தேதிக்கு வருகிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள்.

உன் அக்கா,
ப்ரியம்வதா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கதிர் காரைத் துடைத்துவிட்டு வந்தான், கையில் என் இடது செருப்பு. இருக்கைக்கு அடியில் கிடந்ததாம். அப்படியென்றால் கார் நிறுத்திய இடத்திலிருந்து டாக்டர் அறை வரை ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன். அந்தக் கால் எனக்குச் சொல்லவே இல்லை. ஊசி குத்தியபோது நான் கண்ணை முழுவதும் மூடவில்லை, வசந்தா. கதிரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். வியாழக்கிழமை மறுபடி போகிறோம். மாடி வேண்டாம், கீழறையே போதும், எப்போது வருவேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டாக்டரம்மாளிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்த முறை இடது கையாலேயே தொடப்போகிறேன்.