அப்பாவின் சாவும் ஒரு மூட்டை நவச்சாரமும்

அரைகுறையாகப் படித்தவன் சும்மா இருக்கவே மாட்டான். இரண்டாயிரங்களில் நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் களிமண்ணைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். (சோதிப்பது என்றால், சூப்பர்வைசர் நீட்டும் பேப்பரில் கையெழுத்துப் போடுவது.) அந்தச் சித்திரை வெயிலில் அப்பா இறந்துபோனார்.

பம்பாயிலிருந்து அக்கா ரயிலேறிவிட்டாள். ஜங்ஷனில் வந்து இறங்க மறுநாள் சாயங்காலம் ஆகும். "அப்பா மொகத்த ஒரு தடவ பாக்கணும்டா தம்பி, வெச்சிருடா" என்று போனில் அழுதாள். ஊரெல்லாம் கரண்ட் கட். ஐஸ் பெட்டி ஓடவில்லை, ஐஸ் கட்டியும் கிடைக்கவில்லை.

"பொணம் தாங்காதுடா" என்றார் பெரியப்பா.

"தாங்குங்க பெரியப்பா. வயலுக்கு வாங்கின அம்மோனியம் குளோரைடு மூட்டை இருக்குது இல்ல, அது நவச்சாரம்தான். தண்ணில கரைச்சா சூட்ட இழுத்துக்கும். தண்ணி சில்லுனு ஆயிடும்."

அண்டாக்களில் கரைத்தேன். உண்மையாகவே சில்லென்று ஆனது. அப்பா கிடந்த பெஞ்சுக்கடியில் அண்டாக்களை வைத்து, அதில் நனைத்த துணியை அவர்மேல் போர்த்தினேன். பெரியப்பா தொட்டுப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எறும்பு வருமே என்று பெஞ்சைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளையும் அள்ளிக் கொட்டினேன். (நவச்சாரமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அம்மோனியா வரும் என்பது பிளஸ் டூ பாடம். அதில் எனக்கு நல்ல மார்க்.)

மறுநாள் மத்தியானம் அத்தை மாரடித்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றி வந்தபோது, கால் பட்டு ஒரு அண்டா சுண்ணாம்பின் மேல் கவிழ்ந்தது. வீடே மூத்திரச் சந்தாக நாறியது. கண் எரிந்து, மூச்சு முட்டி, எல்லாரும் தெருவுக்கு ஓடினார்கள். அப்பாவோடு வருஷக்கணக்கில் பேசாமலிருந்த சித்தப்பா தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார். உள்ளே அப்பா தனியாகக் கிடந்தார்.

"பொணம் கெட்டுப்போச்சு" என்றார் யாரோ. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

"இனிமே வெக்கக்கூடாது, எடுத்துருவோம்" என்றார் பெரியப்பா. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூக்கினோம். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை.

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியபோது, அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

இன்றைக்கும் சொந்தத்தில் யார் இறந்தாலும் அக்கா போன் செய்து முதலில் சொல்வது இதைத்தான்: "தம்பிய ரோட்லயே நிக்க வைங்க. நான் வந்து மொகத்தப் பாத்துக்கறேன்." சாவு வீட்டிலும் எல்லாரும் சிரித்துவிடுவார்கள். அக்கா சிரிப்பதில்லை. நானும் ரோட்டிலேயே நின்றுகொள்கிறேன்.