பேச முடிகிற வேகம்

அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபமும் உள்ள என் நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். என் வலது முழங்கால் சௌக்கியமில்லை; அதன் குறைகளை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன், கடைசியில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு வைத்துவிடுவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் முழுசாகப் படி.

உன் அண்ணனைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது பற்றி என் முடிவு என்ன என்று கேட்டிருந்தாய். முடிவைச் சொல்வதற்கு முன்னால் நான் ஓட ஆரம்பித்த கதையைச் சொல்லியாக வேண்டும். சிரிக்காதே. கையிலிருந்து நூல்கண்டு உருண்டு ஓடினால், அது தானாகத் திரும்பி வருமா என்று தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே பார்க்கிற நான்தான், இந்த வயதில் ஓட ஆரம்பித்தேன்.

உன் அண்ணனுக்கு மறதி வந்ததும், முதலில் சாவி போனதும், பிறகு தெருப்பெயர் போனதும், பிறகு நான் போனதும் உனக்குத் தெரியும். ஆனால் காலுக்கு மட்டும் மறதி வரவில்லை பார். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக விசில் ஊதிய மனுஷன், ஒருநாள் விடியற்காலையில் எழுந்து, பழைய டிராக் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து ஓடியே போய்விட்டார். நான் அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் தெருமுனையில் முதுகு மட்டும் தெரிகிறது. அப்படியே கிளம்பிவிட்டேன். நைட்டி, பாத்ரூம் செருப்பு, கையில் கரண்டி. கரண்டியை வைத்துவிட்டு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. முன்னால் ஒரு வயசான மனுஷன் தலைதெறிக்க ஓடுகிறார், பின்னால் ஒரு குண்டு அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு “நில்லுங்க, நில்லுங்க”ன்னு கத்திக்கிட்டே துரத்துறா. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நம் மாடி வீட்டு எலெக்ட்ரீஷியன் வேலைக்குக் கிளம்பி வந்தவர், உன் அண்ணனைக் கட்டிப்பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

“அம்மா, எதுவா இருந்தாலும் உள்ள போய் உக்காந்து பேசிக்கலாம். பெரியவரை அடிக்காதீங்க.”

எனக்கு மூச்சு வாங்கியதில் ‘அடிக்க வரலைப்பா’ என்று சொல்லக்கூட முடியவில்லை. கரண்டியை ஆட்டிக் காட்டினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

நீ அப்போது போனில் என்ன சொன்னாய்? “கேட்டைப் பூட்டுங்க அண்ணி.” பூட்டினேன். மறுநாள் உன் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை, உலுக்கவில்லை. “பசங்க கிரவுண்டுல காத்துக்கிட்டு இருப்பாங்கம்மா. மாஸ்டர் வரலைன்னா திரும்பிப் போயிடுவாங்க” என்று சொல்லிக் கண்ணீர் விட்டார். வீட்டில் யாராவது செத்தால்கூட அழாத மனுஷன். நான் பூட்டைத் திறந்து, சாவியைத் தூக்கி அரிசி டின்னுக்குள் போட்டேன். இவரை நிறுத்த முடியாது, சரி, பின்னாலேயே போகலாம் என்று முடிவு செய்தேன். பின்னாலேயே போவதற்கு ஓடத் தெரிய வேண்டுமே!

ஷூ வாங்கப் போனேன். கடைக்காரர், “யாருக்கும்மா? பொண்ணுக்கா?” என்றார். எனக்குத்தான் என்றேன். “நடக்கிறதுக்கா, ஓடுறதுக்கா?” “துரத்துறதுக்கு” என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நல்ல ஷூவாகத்தான் கொடுத்தார். பேன்ட்டை நானே தைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் அளவு எடுத்துத் தைக்கிறவள் எனக்கு மட்டும் கண் அளவில் வெட்டியதால், முதல் நாளே நாடா அவிழ்ந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஒரு நாய் துரத்தியது. அந்த நாயைச் சும்மா சொல்லக் கூடாது, என் வாழ்க்கையில் நான் வேகமாக ஓடியது அன்றைக்குத்தான். அதற்கடுத்த நாள் சாக்கடை மூடியில் தடுக்கி விழுந்தேன். நடுரோட்டில் கிடந்தபடி, இந்த மனுஷன் எந்தத் தெருவில் திரும்பினாரோ, எந்த லாரி வருகிறதோ என்று பதறிக்கொண்டிருக்கிறேன், என் தலைக்கு மேலே ஒரு நிழல். உன் அண்ணன்தான். திரும்பி வந்திருந்தார்.

“எழுந்திரு. பாதத்தைப் பொத்துப் பொத்துன்னு போட்டா இப்படித்தான். புதுசா சேர்ந்த பொண்ணா?”

என்னை! அறுபதைத் தாண்டியவளை! நான் எழுந்து, பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, “ஆமாம் சார்” என்றேன். வேறு என்ன சொல்வது? உங்கள் பெண்டாட்டி என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் ‘இந்த அம்மா ஏன் இப்படிப் பொய் சொல்லுது’ என்று மிரண்டு போகிறார். மாணவி என்றதும் மிரளவில்லை. முகம் தெளிந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்குப் பயிற்சி. ஒரு விளக்குக்கம்பம் வரைக்கும் ஓடு, அடுத்த கம்பம் வரைக்கும் நட. தோளை இறக்கு. கையை இறுக்கி மூடாதே, உள்ளங்கையில் குஞ்சுப் பறவை இருக்கிற மாதிரி வைத்துக்கொள். யாரையும் முந்தணும்னு நினைக்காதே. எல்லாம் நல்லதனமாகச் சொல்வார். வீட்டில் ஒருநாளும் என்னிடம் இத்தனை பொறுமையாகப் பேசியதில்லை. வீட்டில் அவர் பேச்சே கம்மி என்பது உனக்குத் தெரியாததா? சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், உப்பு இல்லையென்றால் டப்பாவைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் ஓடும்போது சொன்னார்: “பேசிக்கிட்டே ஓடு. பேச்சு வருதுன்னா வேகம் சரி. பேச்சு வரலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். குறைச்சுக்கோ.”

“என்ன சார் பேசுறது?”

“எதையாவது பேசு. நான் கேட்டுக்கிட்டே வர்றேன்.”

நான் கேட்டுக்கிட்டே வர்றேன்! கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்டேன் நாத்தனாரே. எனக்குப் பேச்சு வரவில்லை. வேகத்தால் அல்ல. அப்புறம் மெல்லப் பேச ஆரம்பித்தேன். மெஷின் ஊசி உடைந்ததைச் சொன்னேன். ஒரு கல்யாணப் பெண் துணியை இரண்டு தடவை பிரிக்கச் சொன்னதைச் சொன்னேன். எங்களுக்குக் குழந்தை தங்காமலே போன வருஷங்களில் நான் எந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன் என்று சொன்னேன். ‘நமக்கு’ என்று சொல்லவில்லை, ‘எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும்’ என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒரு கம்பம் தாண்டிய பிறகு, “உங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?” என்றார்.

“ஒண்ணும் சொல்லலை சார்.”

“சொல்லத் தெரிஞ்சிருக்காது. எனக்கும் அப்படித்தான். எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா. தைச்சுக்கிட்டே இருப்பா. பாவம், அவளை நான் எங்கயுமே கூட்டிக்கிட்டுப் போனதில்லை.”

நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவது போலக் கொஞ்ச நேரம் இருந்தேன். “லேஸைக் கிளம்பறதுக்கு முன்னாடியே சரியாக் கட்டணும்” என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

இப்படியே மழைக்காலம் முழுக்க ஓடினோம். எலெக்ட்ரீஷியன் தினம் சைக்கிளில் தாண்டிப் போகும்போது, “இன்னிக்கு யாரு யாரைத் துரத்துறீங்க?” என்று கேட்பார். எனக்கு இளைத்தது. படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது. பள்ளிக்கூட கிரவுண்டு வரை நிற்காமல் போக முடிந்தது. பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே யாரும் இல்லாத மைதானத்தைப் பார்த்து, “பசங்க இன்னும் வரலை போல” என்பார். “நாளைக்கு வருவாங்க சார்” என்பேன். திரும்பிவிடுவோம். சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் நீ என்னை என்ன நினைப்பாயோ. இருந்தேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். மூன்றே நாளில் இறங்கிவிட்டது, ஆனால் அவர் அதோடு ஓட எழுந்திருக்கவில்லை. விடிகிறது, கட்டிலில் உட்கார்கிறார், சுவரைப் பார்க்கிறார். ஷூவை எடுத்துக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது யாரோடது?” என்கிறார். நானே மாட்டிவிட்டு, “சார், லேட் ஆச்சு, பசங்க காத்துக்கிட்டு இருக்காங்க” என்றேன். “எந்தப் பசங்க?” என்றார். இதுவரைக்கும் அவர் என்னை மறந்ததையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அந்தப் பசங்களை மறந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் பாத்ரூமில் விழுந்துவிட்டார். தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. இவ்வளவு ஓடியும் கைக்கு ஒரு பலமும் வரவில்லை பார். ஈரத் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டதில் எலெக்ட்ரீஷியன் ஓடி வந்தார். தூக்கிப் படுக்க வைத்துவிட்டு, “அம்மா, நான் எப்பவும் வீட்ல இருக்க மாட்டேனே” என்றார். டாக்டரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். எலும்பு முறியவில்லை, பயப்படாதே.

நேற்று எலெக்ட்ரீஷியனின் மனைவியை உன் அண்ணனுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, தனியாக ஓடிப் பார்த்தேன். முதல் கம்பம் தாண்டினேன், இரண்டாவது தாண்டினேன். முன்னால் முதுகு இல்லை. எதைத் துரத்துவது? பேசிக்கொண்டே ஓட வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு ஓடினால் என்னையும் சேர்த்து இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதனால் என் முடிவு இதுதான். நீ சொன்னது சரி. என்னால் இனி முடியாது. வெள்ளிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா. அவர் துணிமணியெல்லாம் அடுக்கி வைக்கிறேன். அவரிடம் நீயே ஏதாவது சொல்லிக்கொள், எனக்கு வாய் வராது. ஷூவை நான் பரண் மேல் போட்டுவிடுகிறேன். ஓட்டமெல்லாம் போதும்.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்புகள். சுகரைக் கவனிக்கச் சொல். நீ நூறு வயசு இருந்து, உன் மனுஷர்கள் உன்னை அடையாளம் தெரிந்துகொள்ளும்படி வாழ என் ஆசி.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: கவர் எடுக்க உள்ளே போயிருந்தேன். வந்து பார்த்தால் உன் அண்ணன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டி இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு படித்தாரோ, எவ்வளவு நின்றதோ, எனக்குத் தெரியாது. பிடுங்கவும் மனசு வரவில்லை.

“யாரு இந்தம்மா?” என்றார்.

“தெரிஞ்சவங்க சார்.”

“நல்லா எழுதுறாங்க. ஆனா அவசரப்படுறாங்க. காய்ச்சல் வந்த உடம்பு கொஞ்ச நாள் படுக்கத்தான் செய்யும். புதுசா ஓடுறவங்க எல்லாருமே இந்த இடத்துலதான் விட்டுடுறாங்க. விட வேண்டாம்னு எழுதிப் போடு.”

“அவங்க வீட்டுக்காரரு இனிமே ஓட மாட்டாராம் சார்.”

சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார், மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

“அந்தாளு ஓடாட்டி என்ன, வீட்ல இருக்கட்டுமே. அவரை அனுப்பிட்டா, இந்தம்மா ஓடிட்டு வந்து இன்னிக்கு எவ்வளவு தூரம் போனேன்னு யார்கிட்ட சொல்லுவாங்க?”

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது. வெள்ளிக்கிழமை வர வேண்டாம்.