மடிப்பு சார் பூட்டிய லேப்

செஞ்சி பஸ் நிலையத்தில் மடிப்பு சாரிடம் மாட்டாமல் ஓர் அவித்த முட்டையைத் தின்று முடித்தவர் யாரும் இல்லை. உரிக்கும்போதே கையைப் பிடித்துத் துக்கம் விசாரிப்பார்.

"பாவம் சார். ஒழுங்கா மடிஞ்சி கெடந்த புரோட்டீனு. சூட்டுல அவுந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சி."

அவர் எங்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியர், நான் கணக்கு. ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலி அவர் பக்கத்தில்; தலையெழுத்து. செல்லுக்குள் புரதம் நூல் மாதிரி உருவாகும். சரியாக மடிந்தால்தான் வேலைக்கு ஆகும். அதற்குள் பக்கத்து நூலோடு ஒட்டிக்கொண்டால் வீண். அதைத் தடுக்கச் சாப்பரோன் என்ற துணைப் புரதங்கள் உண்டு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

"சாப்பரோன் மடிச்சி உடாது சார். மத்தது வந்து ஒட்டாம பாத்துக்கும், அவ்ளோதான். சிலது பீப்பா மாதிரி. உள்ள உட்டு மூடிக்கும். தெறக்கறப்ப மடியலன்னா மறுபடியும் உள்ள!"

அந்தக் கோடையில் மலைப் பாறைகளோடு நானும் வெந்துகொண்டிருந்தேன். என் மனைவி மலர் கோபித்துக்கொண்டு சிங்கவரத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். சண்டைக்குக் காரணம் எங்களுக்கே மறந்துபோன நேரத்தில், இரண்டு பக்கத்துச் சொந்தமும் அவளையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டது. அன்றே எங்களைப் பிரித்துவிடுவது என்று பேச்சு. என் பெரியப்பா ஒரு நியாயம் சொல்ல, அவள் நைனா, அதாவது என் மாமனார், எகிறினார். அவளை விட்டுவிட எனக்கு மனமில்லை. அதைச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

மடிப்பு சார் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, மடியிற எடத்துல இத்தினி பேரு?" லேப் கதவைத் திறந்து காட்டினார்.

மலர்தான் முதலில் உள்ளே போனாள். "இவங்க கத்தறதுக்கு இதுவே தேவலாம்."

நானும் போனேன். சார் வெளியே தாழ்ப்பாள் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எம் பொண்ணு உள்ள இருக்குது, கதவத் தெறங்க சார்!" என்றார் மாமனார்.

"மடிஞ்சினு இருக்குது பெரியவரே. கிட்ட வந்தா கட்டி தட்டிடும்."

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. எங்கள் முகங்களைப் பார்த்தார். "இன்னும் மடியல." மூடிவிட்டார். மறுபடியும் திறந்தார், மறுபடியும் மூடினார். மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எளச்சிட்ட. சாப்டறியா இல்லியா?" என்றாள்.

"நீ இல்லாம அந்த வீட்ல இருக்க முடியல" என்றேன். இதைச் சொல்லத்தான் இத்தனை நாள்.

அடுத்த முறை திறந்தபோது நாங்களே வெளியே வந்தோம். சொந்தபந்தம் பஸ்ஸுக்குக் கிளம்பியது.

சாரை விருந்துக்குக் கூப்பிட்டோம். வரவில்லை. "மடிஞ்ச பெறகு சாப்பரோனுக்கு அங்க இன்னா வேல?"

இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். ஸ்டாஃப் ரூமில் அவித்த முட்டையை நிம்மதியாகத் தின்னலாம். ஆனால் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடப்பது, சத்தியமாக, எனக்குப் பிடிக்கவில்லை.