நலமாக இருந்த கீரியின் வழக்கு

அன்பிற்குரியோரே, "நலமா?" என்று கேட்ட ஒருவருக்கு நீங்கள் கடைசியாக எப்போது உண்மையான பதில் சொன்னீர்கள்? நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்த்துவிட்டு மேலே கேளுங்கள்.

ஒரு காட்டில் மாசிலாமணி என்னும் கீரி, மனைவி கோமளவல்லியோடும் நான்கு குட்டிகளோடும் வாழ்ந்துவந்தார். அவர் இருந்த திசையில் பாம்புகள் தலைகாட்டியதில்லை. ஒருநாள் வளைவான பாதையில் கட்டை தூக்கிச் சென்ற யானை, கைபேசியில் பேசிக்கொண்டே திரும்பியது. தும்பிக்கையிலிருந்து நழுவிய கட்டை மாசிலாமணியின் தலையில் விழுந்தது.

காயம் ஆறியது. ரோமமும் வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. ஆனால் மாசிலாமணி குட்டிகளின் பெயர்களை மறந்தார், காரணமில்லாமல் சீறினார், பிறகு அழுதார். எல்லாவற்றுக்கும் மேலாக, பாம்பைக் கண்டால் பகைவன் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

காயப்படுத்தியவர், காயம்பட்டவரின் குடும்பத்துக்கு ஆயுள்வரை இரையும் காவலும் தரவேண்டும் என்பது காட்டுச் சட்டம். ஆகவே கோமளவல்லி வழக்குத் தொடுத்தாள். மழைக்காலம் முழுவதும் கணவருக்குப் பாடம் நடத்தினாள்.

"என்ன கேட்டாலும், 'தலை சரியில்லை, எல்லாம் மறந்துபோகுது'ன்னு சொல்லுங்க. புரியுதாங்க?"

"புரியுது. நீ யாரும்மா?"

விசாரணை நாள் வந்தது. நடுவரான ஆமை கழுத்தை நீட்டிக் கனிவோடு கேட்டது: "வாருங்கள் மாசிலாமணி. எப்படி இருக்கிறீர்கள்?"

பெரியவர்கள் நலம் விசாரித்தால் நல்ல பதில் சொல்வது கீரிக் குலத்தின் வழக்கம். எல்லாம் மறந்த அந்தத் தலையில் அது மட்டும் அப்படியே இருந்தது.

"உங்கள் ஆசியில் நன்றாக இருக்கிறேன் ஐயா. வீட்டில் அம்மா சுகமா?"

யானையின் வக்கீலான நரி எழுந்தது. "எனக்கு வேறு கேள்வி இல்லை."

"ஐயா, அது மரியாதைக்குச் சொன்னதுங்க!" என்று கோமளவல்லி பதறினாள்.

"மன்றத்தில் மரியாதைக்கு இடமில்லை அம்மா. அது வாக்குமூலம்" என்றது நரி.

அந்நேரம் வேறொரு வழக்கில் மனுக் கொடுக்க ஒரு நல்லபாம்பு உள்ளே நெளிந்து வந்தது. மாசிலாமணி முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க! பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார். மன்ற வளாகத்துக்குள் கடிக்கக்கூடாது என்பது விதி. ஆகவே பாம்பும் பணிவாக, "சௌக்கியந்தான் மாப்பிள்ளை. வெளியே வாங்க, பேசலாம்" என்றது.

"பார்த்தீங்களா ஐயா?" என்றாள் கோமளவல்லி.

நரி சிரித்தது. "பார்த்தோம். குலப்பகையை மறந்து திருந்தியிருக்கிறார். என் கட்சிக்காரருக்கு இவர்தான் நன்றி சொல்லவேண்டும்."

"திருந்தலைங்க, மறந்துட்டாருங்க! நாளைக்கு இந்தப் பாம்பையே வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுவாரு. அங்க நாலு குட்டி இருக்குங்க!"

ஆமைக்கு மனம் இளகியது. "பதறாதீர்கள் அம்மா. உங்கள் வாயாலேயே கேட்டு முடிவு செய்வோம். வீட்டில் எல்லாரும் சுகந்தானே?"

கோமளவல்லியும் கீரிக் குலத்தில் பிறந்தவள்.

"உங்க புண்ணியத்துல எல்லாரும் சுகங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வழக்கு தள்ளுபடி ஆனது.

தன் வேலை முடிந்த பாம்பு வாசலுக்கு வெளியே காத்திருந்தது. மாசிலாமணி ஆவலாய் அதை நோக்கி நடந்தார். கோமளவல்லி குறுக்கே பாய்ந்து நின்றாள்.

"என்ன தங்கச்சி, நலமா?" என்றது பாம்பு.

கோமளவல்லி மயிர் சிலிர்த்து, பற்கள் அத்தனையும் தெரியச் சொன்னாள்: "நலமில்லை."

பாம்பு மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"பாவம், நல்ல மனுஷன். அதுக்குள்ள கிளம்பிட்டாரே" என்றார் மாசிலாமணி.

நீதி: துன்பத்தைப் பண்போடு சொன்னால் மன்றம் அதை நலம் என்று பதியும், பல்லைக் காட்டிச் சொன்னால் பாம்பும் ஐயமின்றி நம்பும்.

ஆகவே அன்பர்களே, தலையில் அடிபட்டு, வெளியே தழும்பின்றி, உள்ளே உடைந்துபோன ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அவருக்குரியதைக் கேட்க இன்றே புறப்படுங்கள். போகும் வழியில் யார் நலம் விசாரித்தாலும், தயவுசெய்து, உண்மையைச் சொல்லிப் பழகிக்கொண்டே போங்கள்.