டிகாக்ஷனில் ஊறிய ஹோஸ்

தீயை அணைப்பது சாதாரண ஊர்கள் செய்கிற வேலை. தீயணைத்த வண்டிக்கு மாலை போடுவதே நாகரிகம் என்று உலகுக்கு முதன்முதலில் எடுத்துக்காட்டிய பெருமை திருச்சிராப்பள்ளி மாநகரையே சேரும்.

இதை உணராத ஒரே ஜீவன் டிரைவர் காத்தமுத்து. ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஓடும் தீயணைப்பு வண்டி அவர் பொறுப்பு. அதன் தண்ணீர் ஹோஸில் பதினோரு ஒட்டு. பம்பைப் போட்டால் தீயின் மேல் விழுவதைவிடக் காத்தமுத்துவின் மேல் விழுவதே அதிகம். புது ஹோஸ் கேட்டு மூன்று வருடத்தில் ஒன்பது கடிதம் எழுதியிருந்தார். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி இருந்தன. ஹோஸ்தான் இல்லை.

இந்த நேரத்தில் பாலக்கரையில் ஒரு கொட்டகைக்குப் பின்னால் 'பெரியவர்' கண்டெடுக்கப்பட்டார். 1951-இல் லண்டனிலிருந்து கப்பலேறி வந்த தீயணைப்பு வண்டி. கயிற்றை இழுத்தால் கணீரென்று ஒலிக்கும் பித்தளை மணி, கையால் சுற்றும் சைரன், ஆளுயரச் சக்கரம் வைத்த மர ஏணி, பித்தளைத் தொப்பி நான்கு. எஞ்சின் மட்டும் இல்லை. அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. உடனே 'பாரம்பரியத் தீயணைப்பு வாகனப் பாதுகாப்புக் குழு' அமைந்தது. வரலாற்றுக் கையேடும் வந்தது. வண்டி எத்தனை தீயை அணைத்தது என்பதற்கு அதில் பதிவு இல்லை. எத்தனை முறை பெயின்ட் அடிக்கப்பட்டது என்பதற்கு இருந்தது, தேதியோடு.

பத்தாவது கடிதத்துக்குப் புது ஹோஸ் வந்தது. காத்தமுத்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே குழுத் தலைவர் ஹரிஹரசுதன் வந்துவிட்டார்.

"அதைப் பழைய வண்டியில மாட்டுங்க."

"சார், அதுல டேங்கே ஓட்டையா கிடக்கு."

"பார்க்க வர்றவங்க டேங்குக்குள்ளயா எட்டிப் பார்க்கப் போறாங்க? ஹோஸ் இல்லாட்டி மொட்டையாத் தெரியும்."

"அப்ப ஓடுற வண்டிக்கு?"

"உங்க வண்டியை யாருங்க பார்க்குறா? தீப்பிடிச்ச வீட்டுக்காரன் பார்ப்பான். அவன் இருக்கிற பதட்டத்துல ஹோஸையா கவனிப்பான்?"

குழுவின் 'அனுபவ வடிவமைப்பாளர்' பவித்ராவுக்கு வேறு கவலை. "ரொம்பப் புதுசா இருக்கே சார். வின்டேஜ் ஃபீல் வரலை."

ஹோஸை டீ டிகாக்ஷனில் ஊறவைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அண்டாவில் டிகாக்ஷன் காய்ச்சும் பொறுப்பு, நெருப்போடு பழகியவர் என்ற முறையில், காத்தமுத்துவுக்கே கிடைத்தது. மூன்றே நாளில் ஹோஸுக்கு எழுபது வயது கூடியது. மேலே 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை.

திறப்பு விழா அம்மா மண்டபம் சாலையில். வண்டிக்கு மேலே கீற்றுக் கொட்டகை. தகரத்தில் பாரம்பரியம் இல்லையாம். காத்தமுத்துவின் வண்டி ஓரமாகப் பாதுகாப்புக்கு நின்றது. சிறப்பு விருந்தினர் காரைவிட்டு இறங்கியதும் பத்தாயிரம் வாலா வெடித்தது. ஒரு பொறி கீற்றில் ஏறியது. பக்கத்திலேயே மாரியாயியின் இட்லிக் கடை.

"இது நிகழ்ச்சியில இருக்கா?" என்று விருந்தினர் கேட்டார். பவித்ரா அழைப்பிதழைப் புரட்டிப் பார்த்தார்.

காத்தமுத்து பம்பைப் போட்டார். பதினோரு ஒட்டும் ஒரே மூச்சில் பிய்த்துக்கொண்டன.

"டிரைவரண்ணே, உள்ள ரெண்டு சிலிண்டர் இருக்கு," என்றாள் மாரியாயி. "நீங்க அப்புறமா குளிச்சுக்கலாம்."

காத்தமுத்து பழைய வண்டிக்கு ஓடி, புது ஹோஸை உருவினார். ஹரிஹரசுதன் குறுக்கே வந்து நின்றார்.

"தொடாதீர்கள்னு போர்டு இருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேங்க. நான்தான் ஆணி அடிச்சேன்."

"எழுத்து மூலமா அனுமதி வாங்கணும்."

"அணைச்சிட்டு எழுதுறேன் சார்."

தன் வண்டியில் மாட்டிப் பம்பைப் போட்டதும் முதலில் டீ நிறத்தில் சீறியது. விருந்தினரின் வெள்ளை வேட்டிக்கும் கொஞ்சம் பழமை ஏறியது. பிறகு தெளிந்த தண்ணீர். பத்து நிமிடத்தில் தீ அடங்கியது. மாரியாயி அடுப்பைக்கூட மாற்றிவைக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் குழு அவசரமாகக் கூடியது. மேசைமேல் ஹோஸ், பளிச்சென்று வெள்ளையாக. காத்தமுத்து கதவோரம் நின்றார்.

"எழுபது வருஷப் பழமை, பத்து நிமிஷத்துல போச்சு," என்று ஹரிஹரசுதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்ப ஊறவைக்கலாமே சார்?" என்றார் பவித்ரா.

"வேணாம்மா. ஒரு தடவை வேலை பார்த்துட்டா அப்புறம் அந்தக் களை வராது."

ஹோஸ் 'கழிவுப் பொருள்' என்று அறிவிக்கப்பட்டது. அப்புறப்படுத்த யாரும் முன்வராததால் காத்தமுத்து கையெழுத்துப் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போய், தன் வண்டியில் மாட்டினார். கூடவே ஒரு கழிவுச் சான்றிதழும் கொடுத்தார்கள். 'பொருளில் கண்ட குறைபாடு' என்ற கட்டத்தில், தலைவர் தம் கைப்பட இரண்டே சொல் எழுதியிருந்தார்:

"தீயை அணைக்கிறது."